உண்மை நகல்

அவளைப் பற்றி எழுதும்போது பெயரைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். மரியாதைக்காக என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெயரைப் போட்டால் நாலு பேர் தேடிப் போவார்கள், பார்ப்பார்கள், பாராட்டுவார்கள். அந்த வேலையை நான் எதற்குச் செய்ய வேண்டும்?

மேற்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு ஜெராக்ஸ் கடை, அந்தக் கடையின் மாடிப்படிக்குக் கீழே அவளுடைய ரப்பர் ஸ்டாம்ப் கடை. நிமிர்ந்து நின்றால் படி தலையில் இடிக்கும். உள்ளே ஒரு மேஜை, ஒரு டியூப் லைட், ஆணியில் ஒரு கையகலக் கண்ணாடி. ஸ்டாம்ப் வெட்டுகிறவர்கள் எழுத்தைத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். காகிதத்தில் பதியும்போதுதான் அது நேராகும். வெட்டியது சரியா என்று பார்த்துக்கொள்ள அந்தக் கண்ணாடி. ஆனால் அவள் அதை எடுத்துப் பார்த்து நான் கண்டதே இல்லை. திருப்பி எழுதுவது அவளுக்கு அவ்வளவு பழக்கம். கடன் சீட்டில்கூட வலமிருந்து இடமாக எழுதிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு கிழித்துப்போடுவாள்.

"கொம்பு போட்ட எழுத்துதான் மிஸ் ஆள கவுக்கும்" என்று ஒரு முறை சொன்னாள். "மை, கை, தலைவர்ல வர்ற லை, இதெல்லாம் கொம்பு முன்னால வருமா, திருப்பும்போது பின்னால போவணும். புதுசா வெட்டறவங்க அங்கதான் விழுவாங்க."

நான் மிஸ் ஆனது இப்படித்தான். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. என் சீல் வெட்டத்தான் முதலில் அவளிடம் போனேன். அன்றிலிருந்து அந்தச் சந்து முழுக்க நான் டிராயிங் மிஸ். அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவள் என்னை நீங்க போட்டுத்தான் பேசுவாள், நானும் அப்படியே.

சீலுக்காகக் காத்திருந்தபோதுதான் அவள் தலைக்கு மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு தண்ணீர்ப் பாம்பு மாடிப்படியில் ஏறி வருகிறது. வாயில் சுருட்டிய பத்திரம். கீழே, அவள் வெட்டும் ஸ்டாம்ப் மாதிரியே வட்டமாக ஒரு சீல். அதற்குள் "உரிமையாளர்" என்று எழுதியிருந்தது.

நான் ஓவியக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்தவள். அச்சோவியம்தான் என் பாடம். வீட்டில் இரும்பு பிரஸ் வைத்திருக்கிறேன். அதை இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. மீன்கொத்தி, தாமரை, வண்டலூர் மான் என்று நான் போட்ட படங்கள் நிறையப் பேர் வீட்டு ஹாலில் தொங்குகின்றன. சோபா கலருக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று அந்த மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, யார் வெட்டியது என்று கேட்டேன். நான்தான் மிஸ் என்றாள். தரைக்கு ஒட்டும் லினோ விரிப்பில் கடைக்காரர்கள் தூக்கிப்போடும் துண்டு, சீல் வெட்டும் பிளேடு, காகிதத்தின் முதுகில் தேய்க்க ஒரு சோற்றுக் கரண்டி. அவ்வளவுதான் அவளுடைய சாமான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த எரிச்சல் இன்றுவரை முழுதாக அணையவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். ஒரு பிளாக்குக்கு, அதாவது படம் வெட்டிய லினோத் துண்டுக்கு, பன்னிரண்டு பிரதி. முதல் பிரதி, அந்தப் படம் யாரைக் கிண்டல் செய்கிறதோ அவருக்கு. நேரில் போய்க் கையில் கொடுத்து, "சரியா இருக்கா?" என்று கேட்பாள். அவர் சரி என்று சொன்னால்தான் மீதிப் பதினொன்றையும் அச்செடுத்து ஊர்ச் சுவர்களில் ஒட்டுவாள். அதோடு பிளாக்கைக் குறுக்கே பிளேடால் கீறி, மேஜைக் காலுக்கு முட்டுக்கொடுத்துவிடுவாள். சரியில்லை என்று சொன்னால் வெட்டியதை மாற்றுவாள். அப்படியும் சரிவராவிட்டால் ஒட்ட மாட்டாள்.

இது என்ன பைத்தியக்காரத்தனம், அடிவாங்கப் போகிறீர்கள் என்றேன்.

"யாரப் போட்டமோ அவங்கதான மிஸ் மொதல்ல பாக்கணும்? முதுகுக்குப் பின்னால பேசறதுக்குப் பேரு வேற."

அடி வாங்குவாள் என்று நம்பித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு முடிச்சூர் வரை போனேன். அங்கே ஒரு நகரின் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். தொப்பி போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, வாராவாரம் ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவார், போட்டோவும் போடுவார். அவர் வீட்டுப் பின்சுவர் மட்டும் அந்த ஏரிக்குள் நாலடி தள்ளி நிற்கும். இவள் ஒரு கொக்கு வெட்டியிருந்தாள். ஒற்றைக் காலில் தவம் செய்கிற கொக்கு. மடக்கிய காலை உற்றுப் பார்த்தால், விரல்களுக்குள் ஒரு எல்லைக் கல் இருக்கும். கீழே சீலில் "தலைவர்".

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், ஓடத் தோதாக. மூக்கு ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டார். கொக்குக்கு அவ்வளவு இருக்கும் சார் என்றாள் இவள். கொஞ்சம் குறைக்கலாமே என்றார் அவர். லினோவில் வெட்டியதைக் கூட்ட முடியாது, குறைக்க முடியும். அங்கேயே வாசலில் உட்கார்ந்து, பையிலிருந்து பிளாக்கை எடுத்து மூக்கு நுனியைச் செதுக்கி, மை தடவி, கரண்டியால் தேய்த்து இன்னொன்று எடுத்துக் கொடுத்தாள். இப்ப சரி என்றார். உள்ளே கூப்பிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் காபி வேறு.

மறுநாள் முடிச்சூர் ரோடு முழுக்கக் கொக்கு. அந்த மனிதர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அது நான்தான் என்று காட்டிக்கொண்டிருந்தாராம். என் மீன்கொத்தியைப் பார்த்து இதுவரை ஒருவரும் இது நான்தான் என்று சொன்னதில்லை.

ஒரு மாதம் கழித்து, சுவர் நகரவே இல்லையே, உங்க கொக்கு என்ன சாதித்தது என்று அவளைச் சீண்டினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சொவரு நவராது மிஸ். ஆனா இப்ப அவரப் பாக்கறவங்க எல்லாம் மடக்குன கால பாக்கறாங்க."

மழைக்காலம் வந்தால் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும். அவள் படங்களெல்லாம் மைதா பசையில் ஒட்டியவை. ஸ்கூல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தச் சுவரில் எது நனைந்து தொங்குகிறது, எது பாதி கிழிந்தது என்று கணக்குப் பார்த்துக்கொண்டு போவேன். ஒரு முறை, தண்டவாளத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கொக்கு மட்டும் சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் கொஞ்சமும் நனையாமல் நின்றது. இறங்கிப் போய் நானே அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பி விட்டுவந்தேன். ஐந்து வருடம் கலை படித்த கை.

பெரிய மனிதர்களை மட்டும்தான் கிண்டல் செய்வாள் என்றில்லை. மார்க்கெட்டில் கோவளம் பக்கமிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற ஒரு அக்கா இருந்தார். காரில் வருகிறவர்களுக்கு நல்ல மீன், நடந்து வருகிறவர்களுக்கு ஐஸுக்கு அடியில் கிடந்த நேற்றைய மீன். இவள் ஒரு பூனையை வெட்டினாள். கூடைக்கு முன்னால் உட்கார்ந்து காரைப் பார்த்து வாலை ஆட்டுகிற பூனை. பாவப்பட்ட ஜீவனை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள் என்று கேட்டேன். எனக்கும் நேத்து மீனுதான் மிஸ் வந்துது என்றாள்.

மீன்காரக்கா படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்த பார்வையில், இன்று அடி நிச்சயம் என்று நான் ரொம்ப எதிர்பார்த்தேன்.

"இன்னாமே இது? பூன எங்கனா வால ஆட்டிக்கினு நிக்குமா? பூன வால ஆட்டுச்சுன்னா கோவத்துல கீதுன்னு அர்த்தம். கொழையறது நாயி. நாயா போடு."

அவ்வளவுதான். பூனையைத் தூக்கிப்போட்டுவிட்டு மூன்று நாள் உட்கார்ந்து நாயை வெட்டினாள். அது பூனையைவிட இரண்டு மடங்கு நன்றாக வந்தது. திட்டு வாங்குகிறவர்களே வந்து திட்டைத் திருத்திக் கொடுக்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் தாமரையில் இதழ் ஒன்று குறைந்தாலும் அழகாக இருக்கிறது என்பார்கள்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதை அவள் ஒரு மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். அவள் குடும்பம் முடிச்சூரில் பரம்பரையாக விவசாயம் செய்தது. அப்பாதான் ஏரியை ஒட்டிய நிலத்தை மனை போட்டு விற்றவர். வெள்ளம் வந்த வருடம், அந்த மனைகளில் கட்டிய வீடுகளெல்லாம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றன. அவர்கள் வீட்டு மாடிப்படியிலும் ஒரு தண்ணீர்ப் பாம்பு ஏறி வந்தது. தண்ணீர் வடிந்ததும் அவள் முதன்முதலாக வெட்டிய படம் அது. முதல் பிரதியை அப்பாவிடம் கொடுத்து, சரியா இருக்காப்பா என்று கேட்டிருக்கிறாள். அவர் படத்தை வாங்கி வைத்துக்கொண்டாராம். மறுநாள் காலையில், பத்திரத்தில சர்வே நம்பர் போடலையே என்று சொல்லி, விற்ற நிலத்தின் நம்பரை மனப்பாடமாக ஒப்பித்தாராம். அதையும் வெட்டிச் சேர்த்தாள். நான் பிறகு அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பத்திரத்தின் மூலையில் பொடி எழுத்தில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வந்த கையோடு, எங்கள் அப்பா ஏன் இப்படி ஒன்றும் செய்து தொலைக்கவில்லை என்றும் தோன்றியது.

இப்போது என் பங்கு.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கலைக்கூடம் நடத்துகிற ஒரு அம்மா என்னிடம் முன்பு மீன்கொத்தி வாங்கியிருந்தார். அவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். இயற்கையை வைத்து இந்தக் காலத்தைப் பேசுகிற அச்சுப் படங்களாக ஒரு கண்காட்சி போடப்போகிறாராம். முடிச்சூர் ரோட்டில் ஒரு கொக்கைப் பார்த்தேன், அந்த மடக்கிய காலைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொல்லிவிட்டேன், அது யார், உங்கள் பக்கத்து ஆள்தானே, தெரியுமா என்று கேட்டார். எனக்காக வரவில்லை. கொக்குக்காக என் வீட்டுக்கு வந்திருக்கிறார்.

தெரியும் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஸ்டாம்ப் கடையில வேலை செய்றவங்க மேடம். ஆனா கண்காட்சி, பேட்டி அது இதுன்னா அவங்களுக்கு ஆகாது. ரொம்ப கோவக்காரங்க. போய்க் கேட்டா அசிங்கப்படுத்திடுவாங்க" என்றேன். இவ்வளவு கோர்வையாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பிறகு என் பெட்டியைத் திறந்து தாமரைகளைக் காட்டினேன். எட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கண்காட்சி நடந்தது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன். எல்லோரும் என் படங்களுக்கு முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள், தாமரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஸ்டாம்ப் பேடுக்கு மை வாங்க அவள் கடைக்குப் போனேன். மையை ஊற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "நான் கோவக்காரியா மிஸ்?" என்று கேட்டாள்.

யார் சொன்னது, நீங்க எவ்வளவு சாந்தம் என்று உளறினேன். ஒரு அம்மா சீல் வெட்ட வந்தார், எட்ட நின்றே பயந்து பயந்து பேசினார், அதான் கேட்டேன் என்றாள். மையைத் துடைத்துக் கொடுத்தாள். நான் அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் அவள் வழக்கம்போலச் சிரித்தாள், அதற்கு மறுநாளும் சிரித்தாள். அவளுக்குத் தெரியவில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவளே என் வீட்டுக்கு வந்தாள். கையில் சுருட்டிய காகிதம். பிரித்தால் ஆகாயத்தாமரை. ஏரி முழுக்கப் படர்ந்திருக்கிறது, இலை மேல் இலை, இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெரியவில்லை. நடுவில் ஒரே ஒரு பூங்கொத்து. அந்த இதழ்களை எப்படித்தான் சீல் பிளேடால் வெட்டினாளோ, என் பிரஸ்ஸை விற்றுவிடலாம் என்று தோன்றியது. மூலையில் பென்சிலால் ஒன்று என்று போட்டிருந்தது. ஆகா, முதல் பிரதியை எனக்கே கொடுக்கிறாள், என்னைத் தன் ஆளாக மதிக்கிறாள் என்று ஒரு நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வழக்கம் என்ன என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

"சரியா இருக்கா மிஸ்?"

அப்போதுதான் கீழே சீலைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடந்தது. கொஞ்சம் தடுமாறித்தான் படிக்க முடிந்தது: உண்மை நகல். சான்றிதழ் பிரதிகளில் அதிகாரிகள் குத்துவார்களே, அதே சீல். அவள் அதைத் திருப்பி வெட்ட மறந்து நேராகவே வெட்டிவிட்டிருக்கிறாள். அச்சில் கண்ணாடி எழுத்தாக விழுந்துவிட்டது. மை என்ற எழுத்தின் கொம்பு பின்பக்கம் போய் நின்றது.

எனக்கு வந்த ஆனந்தத்தை மறைக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன். வாழ்நாளெல்லாம் திருப்பி வெட்டியவள், என்னிடம் வந்து தப்பு செய்திருக்கிறாள். படம் பிரமாதம், ஆனால் சீல் திரும்பி விழுந்துவிட்டது, பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினேன். டீச்சர் குரலில் காட்டினேன்.

அவள் சீலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அப்ப சரியில்லைன்றீங்க."

சீல் மட்டும்தான் என்றேன்.

"சரி மிஸ். அப்ப மீதி போடல" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். வெட்கப்பட்டுக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன்.

அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். பூவைக் காட்டுவதற்கு முன்னால் சீலைக் காட்டுவேன். என்னதான் கைதேர்ந்தவளானாலும் படிக்காத குறை எங்கேயாவது வெளியே வந்துவிடும் பாருங்கள் என்பேன். ஆறு வருடம் சொன்னேன். இதற்கிடையே மாடிப்படிக் கடை போய்விட்டது. ஜெராக்ஸ்காரரே கம்ப்யூட்டரில் ஸ்டாம்ப் போட ஆரம்பித்துவிட்டார். அவள் ஊரப்பாக்கத்தில் தங்கை வீட்டுப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் போனில் அவள் நம்பர் ஸ்டாம்ப் என்ற பெயரில் கிடந்தது. நான் கூப்பிடவில்லை.

போன மாதம் என் வீட்டுக்காரர் ஆளுயரக் கண்ணாடி வைத்த ஒரு பீரோ வாங்கினார். படுக்கையறைக் கதவில் அது நுழையவில்லை. அளக்காமல் வாங்கியதற்கு அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு, ஹாலிலேயே சுவரோரம் நிறுத்தினோம். மறுநாள் காலை ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அதற்கு முன்னால் நின்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தப்பு தப்புன்னு சொல்லிட்டே இருப்பியே. சீல் சரியாத்தானே இருக்கு?"

கண்ணாடியில் பார்த்தேன். என் தோளுக்கு மேலே, எதிர்ச்சுவரில் ஆகாயத்தாமரை. அதற்குக் கீழே ஒரு பிசிறு இல்லாமல், நேராக, உண்மை நகல். அதற்குப் பக்கத்தில் என் முகம்.

பொட்டு விரலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மறக்கவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, எனக்காக, எழுத்தை நேராக வெட்டியிருக்கிறாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று படிக்க வேண்டிய படம். அழகாகப் பூத்து, கீழே இருக்கிற எதற்கும் வெளிச்சம் போகாமல் மூடிக்கொள்கிற செடி. அதை நான் ஆணியடித்து மாட்டி, ஆறு வருடமாக ஊரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன்.

வெட்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், வந்தது பொறாமை. இப்படி ஒன்று எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கம் பஸ்ஸில் போகும்போது வந்தது. அது இறங்கவே இல்லை. மூன்றாம் பீரியடில் பிள்ளைகள் தாமரை வரைந்துகொண்டிருந்தபோது, போனை எடுத்து ஸ்டாம்ப் என்ற பெயரைத் தேடினேன். என்னென்னவோ எழுதி அழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் அனுப்பினேன்: "சீல் சரியாத்தான் இருக்கு."

மத்தியானம் வரை பதில் இல்லை. நம்பரை மாற்றியிருப்பாள் என்று நினைத்தபோது ஒரு போட்டோ வந்தது. பழுப்பு நிற லினோ. பிளாக்கேதான். ஒவ்வொரு இலையும் அப்படியே இருந்தது. குறுக்கே ஒரு கீறல் இல்லை. அச்சு முடிந்ததும் கீறி மேஜைக்கு முட்டுக்கொடுக்கிறவள், இதை மட்டும் ஆறு வருடம் எடுத்து வைத்திருக்கிறாள்.

கீழே ஒரு வரி. "அப்ப மீதி பதினொன்னு போட்டுடலாமா மிஸ்?"

பதினொரு சுவர். ஸ்கூல் பஸ் போகிற வழி. தெரிந்தவர்கள் என் வீட்டு ஹாலில் ஏற்கெனவே பார்த்த படம்தான். மறுபடி சுவரில் பார்க்கும்போது நின்று யோசிப்பார்கள், அவளுடைய வழக்கம் தெரிந்தவர்கள் முதல் பிரதி யாரிடம் இருக்கிறது என்று பேசுவார்கள். கலைக்கூடத்து அம்மாவின் காரும் அந்த வழியில் வரக்கூடும்.

"போடுங்க" என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால் இன்னொன்றையும் சேர்த்தேன். "மழை படாத சுவரா பாத்து ஒட்டுங்க."